அரசாங்கத்தின் கடனை எப்படி எண்ணுகிறார்கள்?

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தமிழ்நாடு பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அந்த வாரம் ஊரெல்லாம் பேச்சு, பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதிலாக 'ரூ' எழுத்து வந்ததைப் பற்றித்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூன்று எண்களும் அடிபட்டன: 41,635 கோடி, 1,06,963 கோடி, 9,29,959 கோடி. மூன்றையும் 'தமிழ்நாட்டின் கடன்' என்று சொல்லிப் பகிர்ந்தவர்கள் உண்டு. மூன்றும் பட்ஜெட்டில் இருக்கிற எண்கள்தான். ஆனால் கடன் என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றே ஒன்று. மற்ற இரண்டும் வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

அந்தக் கேள்விகள் என்ன, பதிலை எப்படிக் கூட்டிக் கழிக்கிறார்கள் என்பதைப் பொருளாதாரம் படிக்காதவர்களுக்காக எழுதிப் பார்க்கிறேன். நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. அதனால் உதாரணங்களும் இந்தப் பக்கத்திலிருந்தே வரும். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் என்னென்ன வில்லங்கங்கள் உண்டோ அத்தனைக்கும் வடசென்னைக்குள்ளேயே ஒரு சாட்சி நிற்கிறது.

வருஷக் கணக்கு வேறு, மொத்தக் கணக்கு வேறு

காசிமேட்டில் ஒருவர் விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்தில் மீன் ஏலம் போட்டு அவர் கைக்கு வந்தது 40 லட்சம். டீசல், ஐஸ், ஆட்களுக்குப் பங்கு, பழைய கடனுக்கு வட்டி என்று போனது 44 லட்சம். அன்றாடப் பாட்டிலேயே 4 லட்சம் துண்டு விழுகிறது. அதே வருஷம் பழைய என்ஜின் படுத்துவிட்டதால் 6 லட்சத்துக்குப் புது என்ஜின் இறக்குகிறார். ஆக, அந்த வருஷம் அவர் வெளியில் புரட்ட வேண்டியது 10 லட்சம். ஏற்கெனவே தலைக்கு மேல் 30 லட்சம் கடன் இருந்தது. இப்போது 40 லட்சம்.

அரசாங்க மொழியில் அந்த 4 லட்சம் வருவாய்ப் பற்றாக்குறை. 10 லட்சம் நிதிப் பற்றாக்குறை. 40 லட்சம் நிலுவைக் கடன். அவர் கட்டிய வட்டி 3 லட்சம் என்றால், 10 லட்சத்திலிருந்து அதைக் கழித்து வரும் 7 லட்சத்துக்கு முதன்மைப் பற்றாக்குறை என்று பெயர். பழைய கடனின் பாரம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வருஷம் மட்டும் எவ்வளவு துண்டு விழுந்திருக்கும் என்பது அதன் பொருள்.

பற்றாக்குறை எப்போதும் ஒரு வருஷத்துக்குரியது: ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. கடன் ஒரு தேதிக்குரியது: மார்ச் 31 அன்று மொத்தம் எவ்வளவு பாக்கி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். 'பற்றாக்குறை குறைந்தது' என்று தலைப்பு வந்தால் கடன் குறைந்தது என்று அர்த்தமில்லை. கடன் முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

படகுக்காரரை இங்கேயே கரை சேர்த்துவிடுகிறேன். அவருக்கு வயதாகும், கடன் கொடுத்தவர் ஒருநாள் மொத்தமாகக் கேட்பார். அரசாங்கத்துக்கு அந்த நெருக்கடி கிடையாது. முதிர்ந்த கடன் பத்திரத்தை அடைக்கப் புதுக் கடன் பத்திரம் விற்கும். வரி போடும் அதிகாரமும் அதன் கையில் இருக்கிறது. 'வீட்டுக் கணக்கு மாதிரிதான் நாட்டுக் கணக்கும்' என்று மேடையில் பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

சரி, தமிழ்நாட்டின் எண்களுக்கு வருவோம். 2025-26க்கு எதிர்பார்த்த வருவாய் 3,31,569 கோடி. அன்றாடப் பாட்டுக்கான வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. கழித்தால் 41,635 கோடி. இது முதல் எண், வருவாய்ப் பற்றாக்குறை. இதோடு கட்டடம், சாலை, பாலம் போன்ற மூலதனச் செலவு 57,231 கோடியைக் கூட்டுங்கள். அரசு மற்றவர்களுக்குக் கொடுக்கும் கடனில் திரும்பி வருவதைக் கழித்த மீதி சுமார் 8,100 கோடி, அதையும் சேருங்கள். கிடைப்பது 1,06,963 கோடி, நிதிப் பற்றாக்குறை. மூன்றாவது எண்ணான 9,29,959 கோடிதான் 2026 மார்ச் 31 அன்று நிற்கும் என்று மதிப்பிட்ட கடன்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. புரட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 39 ரூபாய் அன்றாடச் செலவுத் துண்டை அடைக்கவே போகிறது. தமிழ்நாடு வருவாய் உபரி காட்டிய காலமும் உண்டு. 2013-14லிருந்துதான் தொடர்ந்து பற்றாக்குறை.

எது அன்றாடம், எது மூலதனம்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆனது. இது வருவாய்ச் செலவு. மகளிர் இலவசப் பயணத்துக்காகப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கும் ஈட்டுத்தொகையும் வருவாய்ச் செலவு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கும் செவிலியரின் சம்பளமும் அப்படித்தான். அதே ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் எழுப்பினால் மூலதனச் செலவு. துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டினாலும் மூலதனச் செலவு.

'வருவாய்ச் செலவு என்றால் வீண், மூலதனச் செலவு என்றால் வளர்ச்சி' என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக் கட்டடம் மூலதனம்தான், ஆனால் அங்கே போய் என்ன செய்வது? இந்தப் பாகுபாடு கணக்காளரின் வசதிக்காக ஏற்பட்டது, நல்லது கெட்டதைச் சொல்ல ஏற்பட்டதல்ல. இன்னொரு கோணலும் இதில் உண்டு. மத்திய அரசு ஒரு மாநிலத்துக்குச் சாலை போட மானியம் கொடுத்தால், சாலை மாநிலத்தின் சொத்தாவதால் மத்திய அரசின் புத்தகத்தில் அது வருவாய்ச் செலவாகவே பதிவாகும். இதைச் சரிக்கட்ட, அந்த மானியங்களைக் கழித்துப் பார்க்கும் தனி வருவாய்ப் பற்றாக்குறை ஒன்றையும் டெல்லி வெளியிடுகிறது. 2025-26 பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை ஜிடிபியில், அதாவது நாட்டில் ஒரு வருஷத்தில் உற்பத்தியாகும் பொருள், சேவையின் மொத்த மதிப்பில், 1.5 சதவீதம். அப்படிக் கழித்துப் பார்த்தால் 0.3 சதவீதம்தான்.

மத்திய அரசின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. 2025-26 பட்ஜெட்படி வருவாய் 34,20,409 கோடி. கொடுத்த கடன் திரும்பி வருவது, அரசு நிறுவனப் பங்குகளை விற்பது என்று கடனல்லாத மூலதன வரவு 76,000 கோடி. மொத்தச் செலவு 50,65,345 கோடி. செலவிலிருந்து இரண்டு வரவையும் கழித்தால் 15,68,936 கோடி. இதுதான் நிதிப் பற்றாக்குறை, ஜிடிபியில் 4.4 சதவீதம். இந்தச் செலவுக்குள் வட்டி மட்டும் 12,76,338 கோடி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் முதன்மைப் பற்றாக்குறை 2,92,598 கோடிக்குச் சுருங்கிவிடுகிறது. அதாவது வாங்கும் புதுக் கடனில் 100க்கு 81 ரூபாய் பழைய கடனின் வட்டிக்குச் சமம்.

இந்தக் கணக்கில் பங்கு விற்ற பணம் வரவாகச் சேர்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தியாவில் அப்படித்தான் வழக்கம். சர்வதேச நிதியம் அதை ஒப்புக்கொள்ளாது. சொத்தை விற்று வந்த பணமும் கடன் வாங்கிய பணம் போலப் பற்றாக்குறையை அடைக்கும் வழிதானே ஒழிய வருமானம் அல்ல என்பது அவர்கள் வாதம். அதனால் அவர்கள் போடும் இந்தியப் பற்றாக்குறை, நம் அரசு சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, கோடு கிழித்த இடம்தான் வேறு.

1997க்கு முன்னால் இருந்த கூத்து

'நிதிப் பற்றாக்குறை' என்ற அளவுகோலே இந்தியாவுக்கு அவ்வளவு பழையதல்ல. 1990கள் வரை பட்ஜெட் நாளன்று முன்வரிசையில் நின்ற எண் 'பட்ஜெட் பற்றாக்குறை'. அதில் சந்தையில் வாங்கிய கடன், சிறுசேமிப்பில் வந்த பணம் எல்லாமே வரவுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இத்தனை கடன் வாங்கியும் போதாமல் ரிசர்வ் வங்கியிடம் கருவூல உண்டியல் என்ற குறுகியகாலக் கடன் பத்திரம் கொடுத்து எடுத்த பணமும், கஜானா இருப்பிலிருந்து உருவிய பணமும் மட்டும்தான் பற்றாக்குறை. 1990-91இல் இந்தக் கணக்குப்படி பற்றாக்குறை சுமார் 11,300 கோடி. இன்றைய முறையில் பார்த்தால் சுமார் 44,600 கோடி. ஒரே அரசாங்கம், ஒரே வருஷம், நான்கு மடங்கு வித்தியாசம். 1991 நெருக்கடியில் அந்நியச் செலாவணி கரைந்து, தங்கத்தை அடகு வைக்கும் நிலை வந்த பிறகு பழைய எண்ணைச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. 1997 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியிடம் நினைத்தபோது உண்டியல் கொடுத்துப் பணம் எடுக்கும் வழியை மூடினார்கள். பட்ஜெட் பற்றாக்குறை என்ற வரியும் பட்ஜெட்டிலிருந்து போனது.

கடன் கொடுத்தவர் யார்?

எங்கள் தெருவுக்கு மாதாமாதம் அஞ்சலக ஆர்டி வசூலுக்கு ஒரு ஏஜென்ட் அக்கா வருவார். அவரிடம் ஒருமுறை கேட்டேன்: "ஏங்க்கா, நாங்க கட்டுற பணத்த போஸ்டாபீஸ்ல என்னதான் பண்றாங்க?"

"பத்திரமா பூட்டி வெப்பாங்கப்பா, கவர்மென்ட்டு ஆச்சே" என்றார்.

பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் பூட்டி வைப்பதில்லை. ஆர்டி, செல்வமகள் சேமிப்பு, முதியோர் சேமிப்பு என்று அஞ்சலகத்தில் கட்டும் பணம் 1999இல் தொடங்கிய தேசிய சிறுசேமிப்பு நிதிக்குப் போகிறது. அந்த நிதி அதில் பெரும்பங்கை மத்திய அரசின் பத்திரங்களில் போடுகிறது. அரசு அதைச் செலவழித்துவிடுகிறது. 2025-26 பற்றாக்குறையில் மூன்று லட்சம் கோடிக்கு மேல் சிறுசேமிப்பிலிருந்தே அடைப்பதாகத் திட்டம். அக்கா பாஸ்புக்கில் முத்திரை வாங்கித் தரும்போது அரசாங்கக் கடனில் ஒரு வரி ஏறுகிறது என்று அர்த்தம்.

மற்றபடி பெரும்பகுதி பத்திரம் விற்று வருகிறது. ரிசர்வ் வங்கி ஏலம் நடத்தும். வங்கிகள், எல்ஐசி போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி ஆகியவை வாங்கும். வங்கிகளுக்கு இதில் விருப்பம் மட்டுமல்ல, கட்டாயமும் உண்டு. டெபாசிட்டில் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்ற பத்திரமான இனங்களில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

அரசின் பணப்பைகளில் இரண்டு இங்கே முக்கியம். வரி, பத்திரக் கடன், செலவு எல்லாம் நடப்பது தொகுநிதியில். அரசு ஊழியரின் வருங்கால வைப்பு நிதி, சிறுசேமிப்பு போன்று அடுத்தவர் பணம் அரசிடம் தங்கியிருப்பது பொதுக் கணக்கில். தொகுநிதிக் கடனை மட்டும் சொன்னால் எண் சிறியதாக வரும். பொதுக் கணக்கின் பொறுப்புகளையும் சேர்த்தால்தான் முழுக்கடன்.

வெளிநாட்டுக் கடனில் இன்னொரு நுணுக்கம். மெட்ரோவுக்காக ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவிடம் யென்னில் கடன் வாங்கினால் அதை ரூபாயில் எப்படி எழுதுவது? வாங்கிய அன்றைய மதிப்பிலா, இன்றைய மதிப்பிலா? மத்திய பட்ஜெட் ஆவணங்களில் இரண்டு விதமாகவும் எண் உண்டு. ரூபாய் விழுந்தால் புதிதாக ஒரு பைசாகூட வாங்காமலே இரண்டாவது எண் ஏறும். கடன் கூடியதையும் பற்றாக்குறையையும் ஒப்பிட்டால் சில நேரம் ஒட்டாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், 'இந்தியாவின் வெளிநாட்டுக் கடன்' என்று ரிசர்வ் வங்கி வெளியிடும் எண்ணை அரசாங்கக் கடன் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 மார்ச் கடைசியில் அது 73,630 கோடி டாலர். தனியார் கம்பெனிகளும் வங்கிகளும் வாங்கியது, வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே போட்டிருக்கும் டெபாசிட் எல்லாம் அதில் அடக்கம். அரசாங்கத்தின் பங்கு கால்வாசிக்கும் குறைவு.

யார் புத்தகத்தில் எழுதுவது?

எனக்கு இந்த விஷயத்தில் மிகச் சுவையான இடம் இதுதான்.

எண்ணூர் பக்கம் போனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்திலிருந்தே தெரியும். மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு ஒன்றை 2024 மார்ச்சில் திறந்தார்கள். இவ்வளவு பெரிய நிலையத்தைக் கட்ட வாங்கிய கடன், தமிழ்நாடு அரசின் அந்த 9.3 லட்சம் கோடிக்குள் இல்லை. அது மின்சாரக் கழகத்தின் கடன். கழகம் அரசுக்குச் சொந்தமான கம்பெனி, அதற்குத் தனிப் புத்தகம். மின்துறை நிறுவனங்களின் கடன் மட்டுமே ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது என்பது 2021லேயே வெளியான விஷயம்.

கடன் கொடுத்தவர்கள் கழகத்தின் நஷ்டக் கணக்கைப் பார்த்தா கொடுத்தார்கள்? 'கழகம் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம்' என்று அரசு தரும் உத்தரவாதத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. உத்தரவாதம் கடன் அல்ல, அதனால் கடன் பட்டியலில் வராது. தனி அறிக்கையில் வரும். ஆனால் கழகம் தடுமாறினால் ஒரே நாளில் கடனாக மாறிவிடும்.

அப்படி மாறவும் செய்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தது. மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அந்த நிதியாண்டின் பற்றாக்குறை எகிறியது, கடனும் எகிறியது. அந்தக் கையெழுத்தால் ஒரு யூனிட் மின்சாரம்கூட அதிகமாக உற்பத்தியாகவில்லை. நிஜ உலகில் எதுவும் மாறவில்லை, ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்கு எண் குடிபோனது. வரைபடத்தில் 2016-17இல் திடீர் மேடு ஒன்றைப் பார்த்து 'அந்த வருஷம் ஊதாரித்தனம்' என்று முடிவுகட்டினால் தவறு. ஊதாரித்தனமோ இல்லையோ, அந்தத் தொகை அதற்கு முன் பல வருஷங்களில் சேர்ந்தது.

இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தது மெட்ரோவில். மாதவரத்திலிருந்து கிளம்பும் இரண்டாம் கட்டத் திட்டத்தின் மதிப்பு 63,246 கோடி. முதலில் அது மாநிலத் திட்டமாகவே நடந்தது, கடன் ஏற்பாடும் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. திட்டத்துக்கான 33,593 கோடி கடன் மத்திய அரசின் கடனாகக் கருதப்பட்டு, மத்திய பட்ஜெட் வழியாக மெட்ரோ நிறுவனத்துக்குப் போகும் என்று ஆனது. தோண்டும் இயந்திரம் அதே மண்ணுக்கடியில் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. சென்னைக்கும் டெல்லிக்கும் அந்த ஒப்புதலுக்காக அவ்வளவு வருஷம் இழுபறி நடந்ததற்குக் காரணம், அது வெறும் பேப்பர் வேலை அல்ல. ஒரு மாநிலம் வருஷத்துக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. மெட்ரோ கடன் அந்த வரம்பைத் தின்றால் வேறு பாலத்துக்கோ பள்ளிக்கோ இடம் குறையும்.

மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் மழைநீர் தேங்காமல் இருக்கக் கட்டும் கொசஸ்தலையாற்று வடிகால் இன்னும் வேடிக்கை. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் ஒரு வழியில் வருகிறது. அதே திட்டத்துக்காக சென்னை மாநகராட்சி 2025இல் 200 கோடிக்குத் தன் சொந்தப் பத்திரத்தையும் விற்றது. ஒரே வடிகால், இரண்டு பேர் புத்தகம்.

டெல்லியும் இதில் பத்தரைமாற்றுத் தங்கம் ஒன்றுமில்லை. ரேஷன் அரிசியைக் கொள்முதல் செய்யும் இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டிய மானியத்தை முழுசாகக் கொடுக்காமல், 'சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள்' என்று சில வருஷம் ஓட்டினார்கள். செலவு நடந்தது, பற்றாக்குறையில் ஏறவில்லை. ஏஜென்ட் அக்கா வசூலித்த பணம் அரிசியாகி எங்கள் தெரு ரேஷன் கடைக்கே திரும்பி வந்திருக்கலாம், பட்ஜெட்டின் கண்ணில் படாமல். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்தப் பாக்கியைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். 2020-21க்கு 1,15,570 கோடியாக மதிப்பிட்டிருந்த உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடி ஆனது. 3.5 சதவீதமாக நினைத்திருந்த நிதிப் பற்றாக்குறை 9.5 ஆனதற்குக் கொரோனாதான் முதல் காரணம், ஆனால் இந்தப் பழைய பாக்கியும் அதில் இருந்தது.

இப்போது சட்டத்திலேயே கொஞ்சம் இறுக்கம் வந்திருக்கிறது. 2003இல் வந்த நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது, அரசு நிறுவனம் வாங்கிய கடனாக இருந்தாலும் அதைப் பட்ஜெட்டிலிருந்து அடைப்பதானால் மத்திய அரசின் கடனாகவே எண்ண வேண்டும் என்று சேர்த்தார்கள். மாநிலங்களுக்கும் 2022இல் இதே அளவுகோலைப் போட்டபோது பிரச்சினை வெடித்தது. கேரளம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

மத்திய, மாநில அரசுகள் இரண்டின் கடனையும் கூட்டினால் ஜிடிபியில் 80 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். நேரடியாகக் கூட்டக்கூடாது. மாநிலம் மத்திய அரசிடம் வாங்கியது இரண்டு இடத்திலும் வந்துவிடும், அதைக் கழிக்க வேண்டும்.

சதவீதத்தின் விளையாட்டு

9.3 லட்சம் கோடி என்றால் மலைப்பாக இருக்கிறது. 26.07 சதவீதம் என்றால் ஒன்றும் தோன்றுவதில்லை. இரண்டும் ஒன்றுதான். ஒரு வருஷத்தில் தமிழ்நாட்டில் உற்பத்தியாகும் பொருள், சேவையின் மொத்த மதிப்பு சுமார் 35.7 லட்சம் கோடி. அதில் கடன் கால்வாசிக்குச் சற்று மேல். வரி இந்த உற்பத்தியிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் இந்த விகிதத்தைப் பார்ப்பது நியாயமே.

ஆனால் கடன் ஏறிக்கொண்டே இருக்கும்போது விகிதம் இறங்கலாம். மத்திய அரசின் கடன் 2025 மார்ச்சில் ஜிடிபியில் 57.1 சதவீதம், அடுத்த மார்ச்சில் 56.1 ஆகும் என்பது பட்ஜெட் கணக்கு. அந்த ஒரு வருஷத்தில் 15 லட்சம் கோடிக்கு மேல் புதுக் கடன். எப்படி இறங்கியது? விலைவாசி உயர்வையும் சேர்த்து ஜிடிபி 10.1 சதவீதம் வளரும் என்று எடுத்துக்கொண்டார்கள். 57.1ஐ 1.101ஆல் வகுத்தால் 51.9. அதோடு இந்த வருஷத்துப் பற்றாக்குறை 4.4ஐக் கூட்டினால் 56.3, கிட்டத்தட்ட அதே இடம். வளர்ச்சி 10க்குப் பதில் 7 என்று ஆகியிருந்தால் விடை 57.8. ஒரு ரூபாய் கூடுதலாக வாங்காமலே விகிதம் ஏறியிருக்கும்! 2031 மார்ச்சுக்குள் இந்த விகிதத்தை 50க்கு அருகில், ஒன்று கூடவோ குறையவோ, கொண்டுவருவதுதான் இப்போது டெல்லி வைத்திருக்கும் இலக்கு.

நிதிப் பற்றாக்குறைக்கு 3 சதவீதம் என்ற வரம்பு இங்கேயும் ஐரோப்பாவிலும் வேதவாக்கு மாதிரி இருக்கிறது. அது பிரான்சில் 1981இல் அதிகாரிகள் அவசரத்தில் பிடித்த எண் என்று அதில் ஈடுபட்டவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் வழியாக அது ஐரோப்பாவின் விதியானது. அந்த வரம்புக்குள் இருப்பதாகக் காட்டிக்கொள்ள கிரேக்கம் செய்த கணக்கு 2009இல் அம்பலமானது. 2009க்கான அதன் பற்றாக்குறை கடைசியில் 15 சதவீதத்தைத் தாண்டி நின்றது. மந்திர எண் எதுவும் கிடையாது. ஜப்பானின் கடன் ஜிடிபியில் 200 சதவீதத்துக்கு மேல், அங்கே பெரும்பாலும் உள்நாட்டுச் சேமிப்பே கடன் கொடுக்கிறது.

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை ஒட்டி ஒரு எண் பிரபலமானது: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். மொத்தக் கடனைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தது. கணக்கு சரி, பயமுறுத்தவும் நன்றாக உதவும். ஆனால் அந்த அறிக்கையில் உருப்படியான பகுதி மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்களின் கடனைத் திறந்து காட்டிய பக்கங்கள்தான். அந்த 2,63,976ஐ வசூலிக்க யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. கடன் சுமையைப் பார்க்க எனக்குப் பிடித்த அளவு வேறு: வருவாயில் வட்டி எவ்வளவு? மத்திய அரசுக்கு 100க்கு 37 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும். இந்தப் பணம் சம்பளத்துக்கும் ஆகாது, சாலைக்கும் ஆகாது.

எங்கே பார்ப்பது?

மத்திய பட்ஜெட்டில் 'பட்ஜெட் ஒரு பார்வை' என்ற ஆவணத்தின் முதல் அட்டவணை போதும். மேலே சொன்ன கழித்தல்கள் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். பத்திகளின் தலைப்பை மட்டும் உற்றுப் பாருங்கள். வரும் வருஷத்துக்கு மதிப்பீடு, நடப்பு வருஷத்துக்குத் திருத்திய மதிப்பீடு, முந்தைய வருஷத்துக்குத்தான் நடந்த கணக்கு. அரசியல் சண்டையில் ஒருவர் மதிப்பீட்டையும் மற்றவர் நடந்த கணக்கையும் எடுத்துக்கொண்டு மோதுவது தினசரிக் காட்சி. இன்னொன்று, இது பணம் கைமாறிய கணக்கு. ஒப்பந்ததாரர் வேலையை முடித்து பில் கொடுத்திருந்தாலும், மார்ச் 31க்குள் பணம் போகாவிட்டால் அந்த வருஷப் பற்றாக்குறையில் அது வராது.

மாதா மாதம் தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலர் மத்திய அரசின் கணக்கை வெளியிடுகிறார். அதை வைத்து 'வருஷ இலக்கில் பாதியைப் பற்றாக்குறை இப்போதே தாண்டியது' என்று செய்தி வரும். சம்பளமும் வட்டியும் மாதா மாதம் போகும். முன்கூட்டிய வருமான வரியோ ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணையாக வரும். ரிசர்வ் வங்கியின் ஈவுத்தொகை வருஷத்துக்கு ஒருமுறை, 2025 மே மாதத்தில் 2.69 லட்சம் கோடி, மொத்தமாக வந்து விழுந்தது. இடையில் எந்த மாதத்தில் எடுத்த படத்தைப் பார்த்தும் வருஷத்தைச் சொல்ல முடியாது. மார்ச் மாதத்துக்கான தற்காலிகக் கணக்கு மே மாதக் கடைசியில் வரும், தணிக்கை முடிந்த கணக்கு அதற்கும் பிறகு.